கேட்க மறந்த கேள்வி

குடலிறக்க அறுவைக்காக எமது வாப்பா ஒரு வாரம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. விடிய விடிய எரியும் விளக்கு, அடுத்த கட்டிலின் முனகல், இரத்த அழுத்தம் பார்க்க நள்ளிரவிலும் வந்து எழுப்பும் செவிலியர். உறக்கம் எங்ஙனம் வரும்? அல்ப்ரசோலம் மாத்திரை கொடுத்தனர். அதைக் குறை கூறோம்.

குறை பின்னரே நேர்ந்தது. வீட்டுக்கு அனுப்பிய சீட்டிலும் அம்மாத்திரை இருந்தது. எத்தனை நாளைக்கு என்பது இல்லை. நாமும் கேட்டோமில்லை. விளக்கும் முனகலும் இல்லாத வீட்டில் மூன்று மாதம் வாங்கிக் கொடுத்தோம். ஓரிரவு கழிப்பறைக்கு எழுந்தவர்கள் தள்ளாடி வீழ்ந்தார்கள். அஞ்சி, மாத்திரையை அன்றே நிறுத்தினோம். இரண்டு இரவுகள் கண் மூடவில்லை, கைகள் நடுங்கின.

சில வாரங்களிலேயே மூளை இதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை முன்னிலும் மிகும். முதியோருக்குத் தடுமாற்றமும் மறதியும் தரும். அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அவ்வாறே குறைத்தோம். இரண்டு மாதங்களில் வாப்பாவின் பழைய உறக்கம் திரும்பியது.

மருத்துவமனை வாயிலைக் கடக்குமுன், சீட்டைக் காட்டிக் கேளுங்கள்: இம்மாத்திரை எதற்கு? எத்தனை நாளைக்கு? எப்படி நிறுத்துவது? அன்று அதைக் கேட்டிருந்தால், வாப்பா வீழ்ந்திருக்க மாட்டார்கள்.