தோலும் சொல்லும்

கலைச்சொல் என்றதும் கணினி, இணையம், மென்பொருள் என்றுதான் நம் நினைவு ஓடுகிறது. பேரவைக் கூட்டங்களில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தமிழ் என்ன என்று நள்ளிரவு வரை வாதிட்டிருக்கிறோம். நம் வீட்டு முதியவர்கள் கையால் செய்த வேலைகளில் எத்தனை சொற்கள் கிடக்கின்றன என்று கேட்க மட்டும் நமக்கு நேரம் அமைவதில்லை. எனக்கு அந்த நேரத்தை அமைத்துக் கொடுத்தது ஓர் இரும்பு இயந்திரம்.

என் தாத்தா செருப்புத் தைப்பவர். அவருடைய தந்தை திண்டுக்கல் பக்கத்திலிருந்து இங்கு வந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் தோலைப் போட்டுப் பதனிடுவது அந்தப் பக்கத்துப் பழைய முறை. தோலைப் பற்றிய அறிவு கப்பலில் அவருடன் சேர்ந்தே வந்திருக்கிறது. தாத்தா 1958இல், தம் 14ஆவது வயதில், ஈப்போவில் ஒரு சீனரின் சப்பாத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அந்தக் கடை மூடப்பட்டபோது, முதலாளி சம்பளப் பாக்கிக்கு ஈடாக ஓர் இயந்திரத்தைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு கடைத்தெரு ஐந்தடியில் 40 ஆண்டுகளுக்கு மேல் தாத்தா தொழில் செய்தார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லாண்டிஸ் நிறுவனம் செய்த இயந்திரம் அது. மின்சாரம் வேண்டாம், கையால் சுற்றினால் போதும். உள்ளே இரண்டு உருளைகள். கீழ் உருளை சொரசொரப்பாக இருந்து தோலைப் பிடித்து இழுக்கும். மேல் உருளை வழுவழுப்பானது. உருளைகளை ஒட்டி அகலமான ஒரு கத்தி படுத்திருக்கும். தோலின் மினுக்கமான முகம் மேலேயும் சதைப் பக்கம் கீழேயும் இருக்குமாறு நுழைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், நமக்கு வேண்டிய தோல் கத்திக்கு மேலாக வரும். வேண்டாத சதைப் பக்கம் சுருள் சுருளாகக் கீழே விழும். எவ்வளவு கனம் மிஞ்ச வேண்டும் என்பதை ஒரு திருகு தீர்மானிக்கும்.

இதில் இரண்டு வேலைகள் உண்டு. தோல் முழுவதையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. மாட்டின் முதுகுத் தோல் தடிப்பாகவும் வயிற்றுத் தோல் மெலிவாகவும் இருக்கும் என்பதால் இது தேவைப்படுகிறது. தாத்தா இதைப் ‘பொளக்கிறது’ என்பார். ஓரத்தை மட்டும் சரிவாக மெலிய வைப்பது மற்றொன்று. அது ‘சீவுறது’. இடுப்பு வாரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரின் கனம் 3.5 மில்லிமீட்டர் என்றால், கொக்கியைச் சுற்றி மடிக்கும் இடத்தில் 7 மில்லிமீட்டர் ஆகிவிடும். கட்டினால் இடுப்பில் முட்டும். மடிப்புப் பகுதியைப் பாதியாகச் சீவிவிட்டால், மடித்த பிறகும் வாரின் கனம் அதேதான். நல்ல வாருக்கும் மட்டமான வாருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டுப் பருவ விடுமுறையில் தாத்தா எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு நாட்கள் கைப்பிடியைத் தொடவே விடவில்லை. கத்தியைக் கழற்றிக் கல்லில் தீட்டி, பச்சைப் பசை தடவிய தோல் பட்டையில் தேய்த்து, மறுபடி பூட்டுவதுதான் பாடம். “கத்தி மொண்ணையா இருந்தா மிசின் வெட்டாது கண்ணு, கடிக்கும்” என்றார். ஒரே சுற்றில் பாதிக் கனத்தை எடுத்துவிட முடியாது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மூன்று நான்கு முறை விட வேண்டும். பட்டையில் பதனிட்ட விறைப்பான தோல் நேராகப் போகும். லேசாக ஈரப்படுத்தினால் இன்னும் நன்றாகப் போகும். குரோமியத்தில் பதனிட்ட மெல்லிய தோல் இழுபட்டுச் சுருண்டுகொள்ளும். இவை எதுவும் எந்த ஏட்டிலும் எழுதிப் பூட்டப்படவில்லை. எல்லாம் தாத்தாவின் விரலில் இருந்தன. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலைத் தடவி, “ரெண்டுக்குக் கொஞ்சம் கூட” என்றார். பொறியியல் மாணவனான நான் வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தேன், 2.1 மில்லிமீட்டர்.

அந்த இயந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தது. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பெண் பார்க்க வந்தவர்கள், “தாத்தா என்ன வேலை?” என்று கேட்க, “டவுன்ல வியாபாரம்” என்றார் அம்மா. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தோல் வேலை என்றால் அடுத்த கேள்வி சாதியாகத்தான் இருக்கும் என்பது அவர் வாழ்ந்து அறிந்தது. தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது. அந்தக் கேள்வி மட்டும் நம்மோடு அடுக்குமாடி வரை ஏறி வந்திருக்கிறது. வந்தவர்கள் எதிரில் இருந்த தாத்தா ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

புறநானூற்றின் 82ஆம் பாடலை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான். பாடியவர் சாத்தந்தையார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. அந்த அவசரத்திலும் வாரால் கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளியின் ஊசியை விட வேகமாகப் போரிட்டானாம் சோழன் பெருநற்கிள்ளி. தோல்வாருக்குப் புலவர் ஆண்ட சொல் ‘போழ்’. போழ்தல் என்றால் பிளத்தல். பிளந்து எடுப்பதால் அது போழ். எங்கள் வீட்டு இயந்திரம் செய்யும் வேலைக்குச் சங்க காலத்திலேயே தமிழ் இருந்திருக்கிறது!

மகிழ்ச்சி அடுத்த சொல் வரைதான் நீடித்தது. மன்னனின் போர் வேகத்துக்கு உவமையாகும் அளவுக்குக் கைத்திறன் படைத்த அந்த மனிதனை அதே பாடல் ‘இழிசினன்’ என்கிறது. உவமைக்குக் கை வேண்டும். கைக்கு உரியவன் இழிந்தவன். தாத்தாவிடம் பொருள் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் புலவரு ராத்திரி அந்தக் கட்டில்லதானே படுத்திருப்பாரு?” என்றார்.

இந்தக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் வீட்டில் படித்துக் காட்டினேன். “அக்கா கல்யாணம் முடியட்டுமே ஐயா” என்றார் அம்மா. “இப்பவே போடு. தெரிஞ்சிட்டு வர்றவங்க வரட்டும்” என்றாள் அக்கா. தாத்தாவின் கவலை வேறு. “சீவுறதைச் சரியா எழுதிட்டியா? மினுக்கம் மேல இருக்கணும்னு போட்டியா?” என்று இரண்டு முறை கேட்டார்.

போட்டுவிட்டேன். நண்பர்களே, அடுத்த கலைச்சொல் பட்டறைக்கு அகராதியோடு சேர்த்து உங்கள் தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள். பால்மரம் வெட்டியவர், முடி திருத்தியவர், துணி வெளுத்தவர், செருப்புத் தைத்தவர் எல்லாரும் வரட்டும். சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்தும் தமிழ்ப்பற்று இனி நமக்கு வேண்டாம்.