உரையில்லா நூற்பா

தொல்காப்பியத்தை முதன்முதல் கையிலெடுத்தபோது நூற்பாக்களை வாசித்தேன், பொருள் விளங்கவில்லை. இளம்பூரணர் உரை துணைவந்த பின்னரே நூல் எனக்குத் திறந்தது. கணினியிலும் இதே அனுபவம் நேருமென அன்று யான் எண்ணவில்லை.

எமது மாணவர் குழு பழைய ஆண்டு மலர்களைப் படிமங்களாக்கிச் சேமித்து வந்தது. அவற்றைக் கேட்போருக்கு வழங்கும் சேவையகம் வெள்ளவத்தையில் எனது வாடகை அறையில், ஒரு பழைய கணினியில் இயங்கிற்று. அதன் மென்பொருள் திறந்த மூலத்தது. எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம். எனினும் ஆக்கியோர் ஒரு வரி விளக்கமேனும் எழுதி வைக்கவில்லை. ஒருநாள் அது நின்றுவிட்டது. எந்த ஆணை எதற்கென அறியாது மூன்று வாரம் அல்லலுற்றோம்.

"விளங்காத மாளிகையிலும் பார்க்க விளங்கின கொட்டில் நல்லது, மச்சான். நாங்களே ஒண்டு எழுதுவம்" என்றான் கொட்டாஞ்சேனை நண்பன். 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின், இதே கொழும்பில் தன்னார்வலர்கள் சில வாரங்களில் ஆக்கிய சஹானா என்னும் நிவாரண மென்பொருளை எடுத்துக்காட்டினான். நமக்கு வேண்டியன மூன்றே: பட்டியலிடல், தேடல், வழங்கல். இரண்டு மாதங்களில் எமது செய்நிரல் இயங்கியது. பெருமிதத்துக்கு அளவில்லை.

அப்பெருமிதம் நிலைக்கவில்லை. நண்பன் மேற்படிப்புக்காகக் கடல் கடந்தான். சிறு திருத்தமொன்றுக்காக அவன் எழுதிய பகுதியைத் திறந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. எவரைக் குறை கூறினோமோ அவராகவே நாமும் ஆகியிருந்தோம்!

இன்று உலகெங்கும் பயன்படும் என்ஜின்எக்ஸ் என்னும் சேவையக மென்பொருளை 2004இல் வெளியிட்டவர் இகோர் சிசோயெவ். தொடக்கத்தில் அதன் விளக்கங்கள் ருஷ்ய மொழியிலேயே இருந்தன. பயன்படுத்தியோரே அவற்றை ஆங்கிலத்தில் தந்தனர். ஆக்கியவன் ஒருவன்; உரை தந்தோர் வேறு சிலர். இதனை அறிந்தபோது என் கடமை தெளிவாயிற்று.

இரவுதோறும் நண்பனைத் தொலைபேசியில் அழைத்து வினவி, ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் விளக்கம் எழுதினேன். செய்நிரல் எழுதியதினும் இது கடினமாயிருந்தது. ஏனெனில் எனக்கே விளங்காதவை இதிலேதான் வெளிப்பட்டன. முதலாண்டு மாணவி ஒருவர் அக்குறிப்பேட்டை மட்டும் துணைக்கொண்டு சேவையகத்தை நிறுவ முயன்றார். ஏழாம் பக்கத்தில் தடுமாறினார். அப்பக்கத்தைத் திருத்தி எழுதினோம். மறுநாள் அவரே அதனை இயக்கினார்.

மூலத்தைத் திறந்து வைத்தல் ஈகையின் பாதியே. அடுத்து வருவோனுக்கு விளங்குமாறு எழுதி வைத்தல் மறுபாதி.