கரன்ட் வேண்டாம்... களிமண் தாழி போதும்! ஜார்ஜியாவின் ஒயின் வீடுகள்

ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியிலிருந்து கிழக்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் காகேத்தி. வடக்கே காகசஸ் மலை, கீழே அலசானி ஆற்றுச் சமவெளி, திரும்பிய பக்கமெல்லாம் திராட்சைத் தோட்டம். இங்கே பல குடும்பங்களுக்கு ஒயின் வீட்டுத் தயாரிப்புதான்.

ஒயின் அறைக்கு 'மரானி' என்று பெயர். தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரியும். கீழே கழுத்துவரை புதைந்திருப்பவை 'க்வெவ்ரி' எனும் ராட்சத மண் தாழிகள். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு உருவம் சட்டெனப் பிடிபடும்.

செப்டம்பர், அக்டோபரில் 'ர்த்வெலி' எனும் அறுவடை. உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். பழத்தை நசுக்கி, சாறு, தோல், விதை எல்லாவற்றையும் தாழிக்குள் கொட்டுகிறார்கள். ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. இயற்கையாக இருக்கும் ஈஸ்ட்டே நொதிக்கவைத்துவிடும். பொங்கி மேலே வரும் தோலைத் தினமும் சில முறை கம்பால் அமுக்கிவிட வேண்டும். நொதிப்பு அடங்கியதும் மூடி அடைத்துவிட்டால், ஐந்தாறு மாதம் கழித்து வசந்தத்தில்தான் திறப்பு. சுற்றியுள்ள மண்ணே குளிர்ச்சியைச் சீராக வைத்திருப்பதால், குளிரூட்ட மின்சாரம் தேவையில்லை. அடி குறுகலாக இருப்பதால் கசடு தானாகக் கீழே தங்கிவிடும்.

எதுவும் வீணில்லை. மிஞ்சிய சக்கையைக் காய்ச்சி வடித்தால் 'சாச்சா' எனும் சாராயம். கவாத்து செய்த கொடிக்குச்சிகள் இறைச்சி சுடும் அடுப்புக்கு.

ஆனால், சுலபமான பிழைப்பு இல்லை. ரசாயனம் தவிர்க்கும் தோட்டத்தில் களையெடுப்பே பெரிய வேலை. ஓர் ஆலங்கட்டி மழை போதும், ஒரு வருட உழைப்பு சில நிமிடங்களில் உதிர்ந்துவிடும். பெரிய தாழிகளைக் கழுவ ஆளே உள்ளே இறங்க வேண்டும். சுத்தம் குறைந்தால் ஒயின் கெட்டுவிடும்.

ஜார்ஜியாவில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒயின் இருந்ததற்கான தடயம் பானை ஓடுகளில் கிடைத்ததாக 2017-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சோவியத் காலத்தில் ஆலைகள் உற்பத்தி அளவைத் துரத்த, தாழி முறையைக் காப்பாற்றியவை வீடுகள். 2006-ல், பெரிய வாடிக்கையாளரான ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. புதிய சந்தைகளைத் தேடியபோது கைகொடுத்தது தரம்தான். 2013-ல் தாழி முறை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

இப்போது கேட்பவர்கள் அதிகம். தாழி வனையும் குடும்பங்களோ மிகச் சில. பெரிய தாழி ஒன்றைக் கையாலேயே அடுக்கடுக்காக எழுப்பி, காயவைத்து, சூளையில் சுட்டெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமையைப் பழக அடுத்த தலைமுறை வர வேண்டும். தோட்டம் இருந்து, திராட்சையும் காய்த்து, ஊற்றிவைக்கத் தாழி இல்லாவிட்டால் என்ன பயன்?