ஜிப்மரா, ஸ்டான்லியா?

அக்கா மகளுக்கு மருத்துவம் படிக்க இரண்டு இடமும் கிடைத்துவிட்டது. அகில இந்தியக் கலந்தாய்வில் புதுச்சேரி ஜிப்மர், மாநிலக் கலந்தாய்வில் சென்னை ஸ்டான்லி. "சித்தி, நீங்க சொல்லுங்க" என்கிறாள்.

கட்டணம் இரண்டிலும் குறைவு. அந்தக் கவலை இல்லை. ஜிப்மர் 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். ஆராய்ச்சியில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அருமையான இடம். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

என் மனம் ஸ்டான்லியில் நிற்கிறது. துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த வடசென்னை அது. இயந்திரத்தில் கை சிக்கி நசுங்கியவர்கள் வந்து சேரும் வாசல். டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறையை வளர்த்தார். ஒரு கூலித் தொழிலாளிக்குக் கை போனால் அடுப்பே அணைந்துவிடும். அதைப் புரிந்துகொண்ட ஆசிரியர்கள் உருவான இடத்தில் அவள் படிக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படுகிறேன்.

ஆனாலும் ஐந்தரை வருடம் அங்கே இருக்கப்போவது அவள். (எங்கள் வீட்டில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.) இரண்டு இடத்துக்கும் போய்ப் பயிற்சி மருத்துவர்களிடம் பேசச் சொல்லியிருக்கிறேன்: இரவுப் பணியில் கூட நின்று சொல்லித்தருவது யார், விடுதி எப்படி, நோயாளியைத் தொட்டுப் பார்க்க எப்போது விடுவார்கள்? வெள்ளிக்கிழமை புதுச்சேரி கிளம்புகிறோம்.