எடை தோற்கும் குழாய்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு இருபது வருஷமாகப் புத்தகம் வாங்கத்தான் போயிருக்கிறேன். அங்கே ஒரு சந்துக்குள் கண்ணாடி ஊதும் பட்டறை இருப்பதை ஜாதவ்பூரில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரே அழைத்துப் போனார்.

பர்னர் சீறிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அறுபதைத் தாண்டிய ஒருவர் கத்தரிப்பூ நிறக் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருந்தார். சூடேறும் குழாயிலிருந்து சோடியத்தின் மஞ்சள் ஒளி பொங்கும். அதை மறைத்தால்தான் குழாய் எங்கே இளகுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மாணவருக்கு வேண்டியது 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள போரோசிலிகேட் குழாய். அதைப் பாம்புபோல் பத்து முறை வளைத்து, முனைகளை ஒட்டி ஒரே வளையமாக்க வேண்டும். 1990இல் ஜப்பானியர் ஹிசாதெரு அகாச்சி காப்புரிமை பெற்ற அலைவு வெப்பக்குழாய் இது.

இந்தக் குழாய் எதற்கு என்று கேட்டால் விண்வெளியிலிருந்து தொடங்க வேண்டும். விண்கலத்தில் சூட்டை அள்ளிச்செல்லத் திரவத்தைக் கொதிக்கவிட்டு, இன்னொரு முனையில் ஆவியைக் குளிரவைப்பது நல்ல வழி. கொஞ்சம் திரவமே ஏராளமான சூட்டைச் சுமந்துபோகும். ஆனால் உலைநீரில் குமிழி மேலே வருவதுபோல் அங்கே வராது. அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. குமிழி பிறந்த இடத்திலேயே ஒட்டி வளர்ந்தால் சுவர் காய்ந்து வெப்பம் எகிறிவிடும். இதை நேரில் பார்ப்பதற்காகவே 2021 ஆகஸ்டில் ஒரு கொதித்தல் சோதனைக் கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

மண்ணில் இருந்துகொண்டே இதை ஆராய்பவர்களுக்குக் கைகொடுப்பது ஒடுங்கிய குழாய். தண்ணீரென்றால் சுமார் 5 மில்லிமீட்டருக்குள் விட்டம் சுருங்கியதும் பரப்பு இழுவிசை எடையை வென்றுவிடும். ஆவி மேலே, திரவம் கீழே என்று பிரியாமல் துண்டு துண்டாக மாறி மாறி நிற்கும்.

"பேசாதீங்க, வளைவு வருது" என்றார் பெரியவர். இரண்டு கைகளும் குழாயை ஒரே வேகத்தில் உருட்டின. ஒரு கை பிந்தினாலும் குழாய் முறுக்கிக்கொள்ளும். வாயில் கவ்விய ரப்பர் குழாய் வழியே மெல்ல ஊதினார். மூச்சு குறைந்தால் வளைவு நசுங்கும், கூடினால் புடைக்கும். அந்த மூச்சை அளக்க எந்த மீட்டரும் அவரிடம் இல்லை. அவருக்குப் பின் உட்கார ஆளும் இல்லை. ஒரே மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கைகளுக்கு ஒரு வரி நன்றியாவது இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

முடித்ததும் 560 டிகிரி அளவில் உலையில் வைத்து மெதுவாக ஆறவிட்டார். அவசரப்பட்டால் இறுக்கம் உள்ளேயே தங்கி, என்றைக்காவது தொட்டவுடன் விரிசல் விடும்.

இரண்டு வாரம் கழித்து மாணவர் செல்போனில் வீடியோ கொண்டுவந்தார். காற்றை உறிஞ்சிவிட்டுப் பாதிக்கு எத்தனால் நிரப்பிய குழாய். கீழே சூடு, மேலே குளிர்ச்சி. திரவத் துண்டுகள் திடுக்கிட்டதுபோல் முன்னும் பின்னும் பாய்ந்தன.

"காக்கு, பாருங்க" என்றார் மாணவர். சித்தப்பாவை வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் மண் கோப்பைத் தேநீரை ஓரமாக வைத்துவிட்டு மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு திரையில் ஏழாவது வளைவின்மேல் விரலை வைத்தார்.

"இங்க மட்டும் தயங்குது. அன்னிக்கு ஒரு நூல் அளவு நசுக்கிட்டேன். குடு, வேற செஞ்சு தரேன்."