தோல்வி என்னும் விதைநெல்

தஞ்சையிலிருந்து குடந்தைக்குச் செல்லும் வழியில் பாபநாசம் என்னும் ஊர் உள்ளது. அதனை ஒட்டிய திருப்பாலைத்துறையில் பாலைவனநாதர் திருக்கோயில் இருக்கிறது. அக்கோயிலில் நாயக்க மன்னர் காலத்தில் எழுப்பப்பெற்ற நெற்களஞ்சியம் ஒன்றை இன்றும் காணலாம். அது 3000 கலம் நெல்லைத் தன்னகத்தே கொள்ள வல்லது. காண்போர் அதன் பருமையை வியந்து, காவிரி நாட்டின் வளத்துக்கு அது சான்று என்பர். அஃது உண்மையே. ஆயினும், அதனைக் கட்டியவர் உள்ளத்தில் வேறோர் எண்ணமும் இருந்திருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் தவறாது விளையும் என்று நம்பியவர்க்குக் களஞ்சியம் எதற்கு? ஆறு வறளும் ஆண்டும் உண்டு. வெள்ளம் பெருகிக் கதிரை அழிக்கும் ஆண்டும் உண்டு. விளைவின் இன்பத்தை அறிந்த மக்கள் விளையாமையின் துன்பத்தையும் அறிந்திருந்தனர். அதனாலன்றோ, பசி வந்தபோதும் விதைநெல்லில் கைவையாத உழவனை இந்நாடு உயர்ந்தவனாக மதித்தது!

பாபநாசத்தில் புகைவண்டி ஏறிக் கிழக்கு நோக்கிச் சென்றால், குடந்தையைக் கடந்து மயிலாடுதுறையை அடையலாம். அவ்வூரில் 1969 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11 ஆம் நாள் பிறந்தவர் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த். ஆறு வயதில் அன்னையார் சுசீலாவிடம் ஆட்டத்தைக் கற்றார். சென்னையில் பயின்று வளர்ந்தார். 1987 இல் இளையோர்க்கான உலகப் பட்டத்தை வென்றார். 1988 இல் இந்தியாவின் முதற் கிராண்டு மாஸ்டர் ஆனார். பின்னர் 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில், ஐந்து முறை உலக வாகை சூடினார். இவ்வெற்றிகளை நாடு நன்கு அறியும். ஆனால், அவ்வெற்றிகளுக்கு முன்னும் பின்னும் அவர் அடைந்த தோல்விகளை அறிந்தவர் சிலரே. அத்தோல்விகளே மாணவர்க்குச் சிறந்த பாடமாகும்.

தோல்வியிலும் பல வகை உண்டு. குத்துச்சண்டையில் உலகப் புகழ் பெற்றவர் முகம்மது அலி. அவர் 61 போட்டிகளில் இறங்கி 56 இல் வென்றார், ஐந்தில் தோற்றார். தம்மை வென்ற ஐவருள் பிரேசியர், நார்ட்டன், சுபிங்சு ஆகிய மூவரையும் பின்னொரு நாள் எதிர்த்து வென்றார். முதுமை நெருங்கிய காலத்தில், 1980 இல் ஓம்சு என்பாரோடும், 1981 இல் பெர்பிக் என்பாரோடும் பொருது அடைந்த தோல்விகளுக்கு மட்டும் அவரால் மாற்றுக் காண இயலவில்லை. ஓம்சோடு பொருதபோது, அலியின் பயிற்றுநரே இடைபுகுந்து போட்டியை நிறுத்த நேர்ந்தது. குத்துச்சண்டையில் வீழ்ந்தவனுக்கு அவன் தோல்வியை நடுவரோ பயிற்றுநரோ அறிவித்துவிடுவர். சதுரங்கத்திலோ பெரும்பாலும் தோற்றவனே தன் தோல்வியை உரைத்தல் வேண்டும். இனி வழியில்லை என்று கண்டதும், தானே கையை நீட்டி, வென்றவன் கையைப் பற்றிக் குலுக்க வேண்டும். காற்றின்மேலும் களத்தின்மேலும் பழி சுமத்த அங்கே இடமில்லை. தன் அறிவு தவறியதைத் தானே ஒப்புக்கொள்வது எளிய செயலன்று.

ஆனந்துக்கு அந்நிலை முதன்முதலாகப் பேரளவில் நேர்ந்தது 1995 ஆம் ஆண்டில். நியூயார்க்கு நகரில், உலக வாணிக மையத்தின் 107 ஆம் மாடியில், உலகச் சாம்பியனாகிய காசுபரோவை அவர் எதிர்த்தார். அப்போது அவருக்கு வயது 25. முதல் எட்டு ஆட்டங்களும் சமனாக முடிந்தன. ஒன்பதாம் ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். மகுடம் கைக்கு எட்டும் தொலைவில் நின்றது. ஆனால், அடுத்த ஆட்டத்திலேயே காசுபரோவ், முன்கூட்டி ஆராய்ந்து மறைத்து வைத்திருந்த புதிய வழியொன்றைக் கையாண்டார். யானையையே இழக்க முன்வந்து ஆனந்தின் அரணைத் தகர்த்தார். பத்தாம், பதினொன்றாம், பதின்மூன்றாம், பதினான்காம் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆனந்தின் கையைவிட்டு நழுவின. இறுதியில் 10½ – 7½ என்னும் புள்ளிக் கணக்கில் அவர் தோல்வியுற்றார்.

இரண்டாம் தோல்வி வேறு வகையினது. 1997 டிசம்பரில், நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில், தோற்றவர் அவ்வப்போது வெளியேறும் முறையில் நீண்டதொரு போட்டி நடைபெற்றது. ஆனந்த் எதிர்ப்பட்டவர் அனைவரையும் வென்று இறுதிக்கு வந்தார். இறுதிப் போட்டியோ அடுத்த சில நாள்களிலேயே சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரில் தொடங்கிற்று. எதிரியாகிய கார்ப்போவ் அச்சுற்றுகளில் ஆடாது, ஓய்வோடு அங்கே காத்திருந்தார். களைப்புற்ற நிலையிலும் ஆனந்த் ஆறாம் ஆட்டத்தை வென்று 3 – 3 எனக் கணக்கைச் சமன் செய்தார். பின்னர் நடைபெற்ற விரைவாட்டம் இரண்டிலும் அவர் தோற்றார். போட்டியின் முறை நேரிது அன்று எனப் பலர் கருதினர். அக்கருத்தில் உண்மை உண்டு. எனினும், முறை பிழை என்று கூறிக் களத்தைவிட்டு அகலாமல், ஆனந்த் மீண்டும் உழைக்கத் தொடங்கினார். 2000 ஆம் ஆண்டில், தில்லியில் தொடங்கித் தெகரானில் முடிந்த போட்டியில், சிரோவ் என்பாரை வென்று முதன்முறையாக உலக வாகை சூடினார்.

தோல்வியில் கற்றது எவ்வாறு பயன்பட்டது என்பதை 2008 ஆம் ஆண்டுப் போட்டி காட்டுகிறது. செருமனி நாட்டின் பான் நகரில் அவர் கிராம்னிக்கை எதிர்த்தார். அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்குவதே ஆனந்தின் நெடுநாளைய பழக்கம். அப்போட்டியில் அவர் அவ்வழக்கத்தை விடுத்து, அமைச்சனுக்கு முன்னுள்ள சிப்பாயைச் செலுத்தினார். கறுப்புக் காய்களோடு ஆடிய மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும், தாம் மறைவாக ஆராய்ந்து வைத்திருந்த வழியால் கிராம்னிக்கைத் திகைக்க வைத்து வென்றார். நியூயார்க்கில் எந்தப் படையால் அவர் வீழ்த்தப்பட்டாரோ, அதே படை பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் கையில் இருந்தது. அன்று விழுந்த விதை பான் நகரில் கதிர் முற்றிற்று.

தோல்வி பகையாக வளர வேண்டுவதில்லை என்பதற்கும் அவர் வாழ்வில் சான்று உண்டு. 2010 இல் பல்கேரிய நாட்டுச் சோபியா நகரில் தொபலோவை எதிர்த்து அவர் ஆட வேண்டியிருந்தது. எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியமையால், விமானப் பயணம் தடைப்பட்டுத் தரைவழியே நெடுந்தொலைவு சென்று சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தில் வென்று பட்டத்தைக் காத்தார். அப்போட்டிக்கு ஆயத்தம் செய்தபோது தமக்குத் துணைபுரிந்தவர்களின் பெயர்களை அவர் பின்னர் வெளியிட்டார். அவர்களுள் அவரை வென்ற காசுபரோவும், அவரிடம் தோற்ற கிராம்னிக்கும் இருந்தனர். அவரைப் பின்னாளில் வெல்லப்போகும் கார்ல்சனும் இருந்தார்!

அந்நாளும் வந்தது. 2013 நவம்பரில் சென்னையிலேயே உலகப் போட்டி நிகழ்ந்தது. ஆனந்துக்கு வயது 44 நிரம்பும் தறுவாய். நார்வே நாட்டவராகிய கார்ல்சனுக்கோ வயது 22. வேற்று நாட்டில் தோற்பது ஒன்று. வளர்ந்த ஊரில், கற்றோரும் உற்றோரும் காண, கண்ணாடிச் சுவருக்குப் பின்னே அமர்ந்து தோற்பது மற்றொன்று. முதல் நான்கு ஆட்டங்கள் சமனாயின. ஐந்திலும் ஆறிலும் ஆனந்த் தோற்றார். ஒன்பதாம் ஆட்டத்தில் அனைத்தையும் துணிந்து தாக்கினார். குதிரையை ஒருமுறை தவறாக நகர்த்தியதால் அதனையும் இழந்தார். பன்னிரண்டு ஆட்டங்களுக்கு அமைந்த போட்டி பத்தாம் ஆட்டத்தோடு, 6½ – 3½ என்னும் கணக்கில் முடிவுற்றது. அவர் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை.

பாபநாசத்துக்குத் தெற்கே, நீடாமங்கலத்தை அடுத்துக் கோயில்வெண்ணி என்னும் ஊர் உள்ளது. பழந்தமிழ் நூல்கள் கூறும் வெண்ணிப்பறந்தலை அதுவே. அக்களத்தில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிலும் புண்பட்டான்; அதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே, நின்னினும் தோற்ற அவன் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். அப்பாடல் புறநானூற்றில் உள்ளது. தோற்றவனிடத்தும் பெருமையைக் காணும் கண் தமிழர்க்குப் பழமையானது. ஆயினும், சேரமான் காலத்தில் மானம் காக்க உயிரைத் துறத்தலே வழியென எண்ணினர். இக்காலத்து வீரனுக்கு அதனினும் கடினமானதொரு வழி உண்டு. அது மறுநாள் எழுந்து மீண்டும் பலகையின் முன் அமர்தல்.

ஆனந்த் அவ்வழியையே கொண்டார். அவர் காலம் முடிந்தது என்று பலரும் பேசினர். நான்கு திங்கள் கழிந்து, 2014 மார்ச்சில், சைபீரியாவின் காந்தி மன்சீசுக்கு நகரில் எண்மர் மோதிய தகுதிப் போட்டி நடந்தது. பதினான்கு ஆட்டங்களில் ஒன்றிலும் தோலாது ஆனந்த் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில், உருசிய நாட்டுச் சோச்சி நகரில், மீண்டும் கார்ல்சனை எதிர்த்தார். மூன்றாம் ஆட்டத்தில் அவரை வென்றார். ஆறாம் ஆட்டத்தில் கார்ல்சன் அரசனைத் தவறாக நகர்த்தினார். அதனைக் கண்டிருந்தால் ஆனந்த் வென்றிருக்கக்கூடும். ஆனால், அவர் அதனைக் காணாது விரைந்து வேறொரு காயை நகர்த்தினார். அவ்வாட்டமும் போயிற்று, பின்னர், 6½ – 4½ என்னும் கணக்கில் போட்டியும் போயிற்று. முயன்றவர்க்கெல்லாம் வெற்றி உறுதி என்று கூறுவது பொய். முயற்சி ஒருவனுக்கு உறுதியாகத் தருவது மீண்டும் களம் புகும் தகுதியே. அத்தகுதியோடு அவர் 2017 டிசம்பரில் ரியாத்து நகருக்குச் சென்றார். 48 ஆம் வயதில், இளையோர் பலர் நடுவே, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார்.

சென்னைத் தோல்விக்கு வேறொரு பயனும் விளைந்தது. 2013 இல் அக்கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்வையாளர் நடுவே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் குகேசு. உள்ளே அமர்ந்து ஆடும் நாள் தனக்கும் வாய்க்க வேண்டும் என்னும் ஆசை அவனுள் முளைத்தது. பின்னர் ஆனந்தின் துணையோடு 2020 இல் தொடங்கப்பெற்ற பயிற்சிக் கழகத்தில் அவர் பயின்றார். 2024 டிசம்பர் 12 ஆம் நாள், சிங்கப்பூரில், சீன நாட்டு வீரர் திங் லிரெனை வென்று, 18 ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அப்போட்டியின் முதல் ஆட்டத்தில் அவரும் தோற்றார் என்பது கருதத்தக்கது. தோற்றபின் மீண்டும் அமரும் கலையை அவர் நல்ல ஆசானிடமன்றோ கண்டிருந்தார்!

வள்ளுவர் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பம் வாராது என்று அவர் யாண்டும் கூறவில்லை. தேர்விலோ ஆடுகளத்திலோ தோற்ற மாணவன் அத்தோல்வியை மறைக்கவும் வேண்டா. பிறர்மேல் ஏற்றவும் வேண்டா. தவறிய இடம் எது என்று கண்டு, அதனை உள்ளத்தில் சேர்த்து வைப்பானாக. உழவன் விதைநெல்லைக் காப்பது, மழை வரும் நாளை அறிந்ததனால் அன்று; வரும்போது வெறுங்கையோடு நிற்றல் கூடாது என்பதனால்.