முந்தல்: பெயர் பதிந்தால் மருந்து வரும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் ஏ-3 வீதியில் சிலாபத்தைத் தாண்டினால் தென்னந்தோட்டங்களும் இறால் பண்ணைகளும் மாறி மாறி வரும். அந்த வழியில்தான் முந்தல் இருக்கிறது. மேற்கே முந்தல் களப்பு. அதற்கப்பால் கடலோரமாக, மீன்பிடிக்கும் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக்கும் பெயர் பெற்ற உடப்பு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவரும் வாழும் பிரதேசம் இது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் கற்பிட்டி, புத்தளம், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளைப் போலவே முந்தலிலும் தஞ்சம் புகுந்தன. 2009இல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். சிலர் இங்கேயே தங்கிவிட்டனர். வடக்கிலும் புத்தளத்திலுமாக மாறி மாறி வாழும் குடும்பங்களும் உண்டு.

இப்படி இரண்டு ஊரில் வாழும் ஒரு பெண் கர்ப்பமானால் அவளுக்குரிய மாத்திரை எந்த ஊருக்கு வரும்? இங்குள்ள குடியிருப்பொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டதும் இதைத்தான். "மகளுக்கு இப்ப மூணாம் மாசம் மிஸ். எங்கட பேரெல்லாம் மன்னார்ல தானே கிடக்கு. இஞ்ச கிளினிக்குக்குப் போனா ஏசுவாங்களோ?"

ஏசுவதற்கு இடமேயில்லை சகோதரிகளே. வாக்காளர் இடாப்பு வேறு, கிளினிக் பதிவு வேறு. குடும்ப சுகாதார உத்தியோகத்தர், அதாவது நாம் மிட்வைஃப் என்று அழைப்பவர், தன் பகுதியில் வசிக்கும் குடும்பங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பார். இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். கர்ப்பம் தரித்து எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது.

அந்தப் பதிவுக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தனக்கு வேண்டிய மருந்தைக் கணக்குப் பார்த்தே கேட்கிறது. திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். 1973இல் தொடங்கிய இச்சத்துணவு, இதே ஏ-3 வீதி செல்லும் ஜா-எலவில் தயாராகிறது. கர்ப்பிணித் தாய்க்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. ஒரு பகுதியில் 20 தாய்மார் பதிந்திருந்தால் 40 பைக்கற் வேண்டும். பதியாத ஐந்து பேர் அன்று வந்து நின்றால் பத்துப் பைக்கற் குறையும். யாரோ வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம், விற்றமின் சி மாத்திரைகளுக்கும் இதே கணக்குத்தான்.

தடுப்பூசியின் கதை இன்னும் நுட்பமானது. அதை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். உறைந்தாலும் சில தடுப்பூசிகள் கெட்டுவிடும். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசி, ஒரே குப்பியில் பலருக்கும் சேர்த்து வருவதுண்டு. அப்படிப்பட்ட குப்பியைத் திறந்தால் 6 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை வீச வேண்டியதுதான். குறித்த திகதியில் குழந்தையைக் கொண்டு செல்லுங்கள் என்று சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

2022 பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. சோளம் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. எரிபொருள் இல்லாததால் மிட்வைஃப்மாரால் வீடுகளுக்குப் போக முடியவில்லை. நாடு முழுவதும் தட்டுப்பாடு வரும்போது நம்மால் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் வந்த மருந்து யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலில் நம் பெயர் இருக்கச் செய்ய முடியும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். போகும்போது கர்ப்பகால அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இந்த ஊர் மிட்வைஃபிடம் சொல்லிவிட்டுப் போய், அந்த ஊர் மிட்வைஃபிடம் அட்டையைக் காட்டுங்கள். எந்த ஊசி போட்டாயிற்று, எந்த மாத்திரை கொடுத்தாயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் அட்டை பேசும்.

வீட்டிலும் நாம் செய்ய வேண்டியவை உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள். கல்சியத்தோடு சேர்த்தும் எடுக்காதீர்கள். இரண்டையும் வேறு வேறு நேரத்தில் எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புக்கு அருகே மாத்திரையை வைக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை அவர்களுக்கு நஞ்சாகும். திரிபோஷா ஒரு நாளைக்கு 50 கிராம், அது தாய்க்குரிய பங்கு. வீட்டில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டுத் தாய் பட்டினி கிடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பசித்த பிள்ளைக்கு முன்னால் தான் மட்டும் சாப்பிட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் நிறையையும் மிட்வைஃபிடம் பார்க்கச் சொல்லுங்கள். நிறை குறைந்த பிள்ளைக்குத் தனியாகத் திரிபோஷா கேட்க வழி உண்டு.

மருந்து இல்லை என்று கிளினிக்கில் சொன்னால் பேசாமல் திரும்பாதீர்கள். எப்போது வரும், அதுவரை எங்கே பெறலாம் என்று பணிவாகக் கேளுங்கள். போரில் வீட்டையும் ஊரையும் இழந்து, அகதி அட்டையோடு வரிசையில் நின்று பழகியவர்கள் நாம். அதனால் கேட்பதற்கே கூச்சம் வந்துவிடுகிறது. அரச கிளினிக்கின் மாத்திரை நிவாரணம் அல்ல, எல்லாத் தாய்மாருக்கும் உரிய சேவை. மூன்றாம் மாதத்தில் இருக்கும் மகளுடைய பெயரை இந்த வாரமே பதியுங்கள்.